சொந்தக் கோழி மேய்ப்போர் கையேடு

கோழி மேய்த்தாலும் கவர்மெண்ட் கோழி மேய்க்க வேண்டும் என்பார்கள். அனுபவப்பட்ட பேச்சு. கவர்மெண்ட் கோழி என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, பொங்கலுக்கு போனஸ் உண்டு, அறுபதில் ஓய்வு உண்டு. சொந்தக் கோழி மேய்ப்பவருக்கு இவை எதுவும் கிடையாது. பெரும்பாலும் அறுபதில் ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் இந்த வேலையிலேயே சேருகிறார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை மிச்சமிருக்கிறது, முருங்கை மரம் ஒன்று நிற்கிறது, 'நாலு கோழி விட்டா என்ன?' என்று தோன்றுகிறது. இப்படித் தோன்றியவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. லாபம் பார்க்க நினைப்பவர்கள் நாமக்கல் போய்ப் பண்ணைக்காரர்களைக் கேட்கலாம்.

எதற்குக் கோழி என்று வீட்டில் கேட்பார்கள். 'மருந்தில்லாத முட்டை' என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கணக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டே தீருவேன் என்கிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன். நாட்டுக்கோழி நாளைக்கு 80 கிராம் தின்னும் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 29 கிலோ. பதிலுக்கு அது தருவது 60 முதல் 80 முட்டை. அதாவது நாற்பது கிராம் எடையுள்ள ஒரு முட்டைக்கு ஏறக்குறைய நானூறு கிராம் தீனி. பண்ணையில் கூண்டுக்குள் நிற்கும் வெள்ளைக்கோழி வருஷத்துக்கு முந்நூறைத் தாண்டுகிறது. உங்கள் கோழி தானே மேய்ந்து புழு, பூச்சி, பக்கத்து வீட்டுக் கீரை என்று தேடிக்கொண்டால் செலவு குறையும். ஆனால் கம்பி வலை, தச்சுக் கூலி, பூனை பிய்த்த வலைக்கு மாற்று வலை, கீரைக்காரருக்கு நஷ்டஈடு எல்லாம் சேர்ந்தால் உங்கள் வீட்டு ஆம்லெட் நட்சத்திர ஓட்டல் விலையைத் தொட்டுவிடும். ருசி நன்றாக இருக்கும். அந்த விலைக்கு நன்றாக இல்லாமல் எப்படி?

அடுத்து, எந்தக் கோழி. வீட்டில் முதல் பிளவு இங்கேதான் உண்டாகும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "சிறுவிடை நாட்டுக்கோழிதான் நமக்குத் தோது, தானா மேஞ்சு தானா அடை கெடக்கும்" என்பார். யூடியூப் பார்க்கிற மகனுக்குக் கடக்நாத் வேண்டும். அது மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இறகு கறுப்பு, தோல் கறுப்பு, கறியும் கறுப்பு. முட்டையும் கறுப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். முட்டை வெளிர்ப்பழுப்புதான். அதை மகனிடம் சொல்ல வேண்டாம், முதல் முட்டை இடும்வரை காத்திருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் சமாதானமாகப் போக நினைத்தால் ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, நம்மூர்க் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி என்று பல இருக்கின்றன. நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டை வைக்கும். அடைகாப்பதில் மட்டும் பெரும்பாலும் ஆர்வம் இருக்காது. இட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விடும்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூட வாசலில் அட்டைப்பெட்டிக்குள் ரோஸ், பச்சை, ஊதா என்று கலர் கலராகக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். குழந்தை உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்தக் குஞ்சுகள் அனேகமாக எல்லாமே சேவல். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் ஆண் குஞ்சுக்கு வேலை இல்லை. அப்படிக் கழித்தவற்றைத்தான் சாயத்தில் முக்கி விற்கிறார்கள். பாதிக்குமேல் ஒரு வாரம் தாண்டாது. தாண்டியது இறகு மாற்றும்போது சாயமும் போய், ஒல்லியான வெள்ளைச் சேவலாக உங்கள் வீட்டில் நிற்கும். சந்தையில் விடைக்கோழியாகப் பார்த்து வாங்குவது உத்தமம். விடை என்றால் முட்டைக்கு வரும் பருவத்தில் இருப்பது. கொண்டை சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, பின்பக்கம் எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை.

கூண்டு

இரவில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, பெரிய இனமானால் இரண்டு. படுக்க வசதியாகக் குறுக்கே ஒரு கம்பு. கோழி தரையில் தூங்க விரும்பாது. அடியில் உமியோ மரத்தூளோ தென்னைநார்க் கழிவோ பரப்ப வேண்டும், அது ஈரமாகாமல் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஈரமானால் முதலில் கண் எரியும், அப்புறம் கோழிக்கு ரத்தக் கழிச்சல் வரும். ஊரில் ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே அம்மிக் குழவியை வைத்துக் காரியத்தை முடித்திருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். இரண்டு தளம், ஏணி, முன்பக்கம் ஓடு, பெயர்ப்பலகை என்று வரைபடம் போட்டு வைத்திருப்பீர்கள். கட்டிக்கொள்ளுங்கள். கோழி முதல் வாரம் அதன் கூரைமேல்தான் படுக்கும்.

வலை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பகலில் பருந்தும் காக்காயும், இரவில் பூனை, கீரி, மரநாய், பெருச்சாளி என்று ஷிப்ட் போட்டு வருவார்கள். முட்டைக்குச் சாரைப்பாம்பு தனி. உறையூருக்குக் கோழியூர் என்று பழைய பெயர் உண்டு. அங்கே ஒரு கோழி யானையையே எதிர்த்து விரட்டியதாகவும், அந்த மண்ணின் வீரத்தை மெச்சிச் சோழன் தலைநகர் அமைத்ததாகவும் கதை. அந்தப் பரம்பரை எங்கே போய்ச் சேர்ந்ததோ, உங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருப்பூனை சுவரில் ஏறி உட்கார்ந்தாலே உங்கள் கோழி சமையலறைக்குள் வந்துவிடும். குஞ்சோடு திரியும் தாய்க்கோழி மட்டும் வேறு. அது பருந்தின்மேலும் பாயும், பால்பாக்கெட் போட வருபவர்மேலும் பாயும், உங்கள்மேலும் பாயும்.

காலை வேலைகள் எளிமையானவை. எழுந்ததும் கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி, எச்சத்தை அள்ளி, குருணையோ கம்போ போட்டு, எண்ணிக்கை சரியா என்று பார்த்தால் போதும். பார்த்தபின் கிண்ணத்தை மறுபடி கழுவ வேண்டியிருக்கும், அதற்குள் ஒன்று அதில் நின்றிருக்கும். அள்ளிய எச்சத்தை உடனே செடிக்குப் போடாதீர்கள், காரம் தாங்காமல் செடி கருகும். மக்கவைத்துப் போட்டால் நல்ல உரம். அந்த உரத்தில் தழைத்த செடியைக் கோழியே கிளறிப் பிடுங்கிவிடும் என்பதால் எப்படிப் போட்டாலும் முடிவு ஒன்றுதான். கீரைப்பாத்தி உங்களுக்கு முக்கியமா, கோழி முக்கியமா என்று முன்கூட்டியே குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். பேசாவிட்டால் கோழி முடிவெடுக்கும்.

அசைவத்துக்கு அதற்குக் கரையான் வேண்டும். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை எல்லாம் திணித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல சத்துணவு கடையில் கிடையாது. வீட்டில் கதவு நிலையைக் கரையான் அரிக்காமலிருக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்து மருந்தடித்த அதே ஆள், தோட்டத்து மூலையில் கரையானுக்கு விருந்து வைத்துக் காத்திருப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்தினர் வருவார்கள். வரட்டும்.

சமூக அமைப்பு

நாலு கோழி இருந்தால் அவற்றுக்குள் ஒன்றாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம், கடைசி இடம் உண்டு. முதலாவது எல்லோரையும் கொத்தலாம். கடைசியாவது எல்லோரிடமும் கொத்து வாங்கலாம். இந்தக் கொத்து வரிசையை 1921-ல் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்தரூப்-எப்பே. சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் பந்தியில் யார் முதலில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர் சொன்னது பெரிய அதிர்ச்சியாக இராது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: புதிதாக ஒரு கோழி வாங்கி வந்தால் பட்டப்பகலில் மற்றவை நடுவே இறக்கிவிடாதீர்கள். சில நாள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கி, பிறகு இரவில் எல்லாம் தூங்கும்போது கம்பில் ஏற்றிவிடுங்கள். காலையில் சண்டை வரும், ஆனால் கொஞ்சம் கம்மியாக வரும். இந்த வரிசையில் உங்களுக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். காலில் கொத்து விழும்போது எத்தனையாவது என்று தெரியும்.

முட்டை

முட்டைக்குச் சேவல் வேண்டாம். இதை நீங்கள் வாழ்நாளில் பலமுறை விளக்க வேண்டியிருக்கும், படித்தவர்களுக்குத்தான் அதிகம். சேவல் இல்லாவிட்டால் குஞ்சுதான் வராது, முட்டை வரும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. ஆகவே இன்று எட்டு மணிக்கு இட்டது நாளை ஒன்பதைத் தாண்டும், மறுநாள் பத்து. அப்படியே தள்ளிக்கொண்டே போய், நேரமாகிவிட்டது என்று ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு மறுபடி காலையிலிருந்து ஆரம்பிக்கும். இடுவதற்குமுன் இடம் தேடிக் கேரிக்கொண்டு அலையும். வைக்கோல் போட்டு நீங்கள் தயார் செய்த கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, துணி பீரோவுக்குள்ளோ பழைய ஹெல்மெட்டிலோ போய் இடும். இட்டபிறகு போடும் கொக்கரிப்பில் தெருவுக்கே தகவல் போய்விடும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் கிளிஞ்சலை இடித்து வையுங்கள். மணலும் சிறு கல்லும் கூட வேண்டும். பல் இல்லாததால் கல்லை விழுங்கி வயிற்றுக்குள் வைத்துத்தான் அரைத்துக்கொள்கிறது.

பதினைந்து முட்டைக்குள் சிறுவிடை அடைக்கு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முட்டையை எடுத்துவிட்டாலும் எழாது. வெறும் தரையில், சில சமயம் ஒரு உருண்டைக் கல்லின்மேல், இறகை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கும். கையை நீட்டினால் உறுமும். கோழி உறுமுமா என்று கேட்பவர்கள் அடைக்கோழியிடம் கையை நீட்டிப் பார்க்கலாம். அடை தெளியவைக்க ஊரில் பல வழி சொல்வார்கள்: தண்ணீரில் முக்கி எடுப்பது, வெயிலில் கட்டிப்போடுவது, அதன் இறகையே பிடுங்கி மூக்கில் செருகிவிடுவது. கடைசியாகச் சொன்னதை யார் முதலில் யோசித்தார்களோ, அவர் நல்ல மனிதராக இருந்திருக்க முடியாது. அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தீனி தண்ணீரோடு விட்டாலே சூடு தணிந்து எழுந்துவிடும்.

அடை வைப்பது என்று முடிவானால் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். கூடையில் மணல் பரப்புவார். முட்டை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய், ஒரு இரும்பாணி எல்லாம் ஓரத்தில் வைப்பார். காரணம் கேட்காதீர்கள். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு சிலந்திபோல் ஓடுவது தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம். இது விஞ்ஞானம், இதற்கு மாமியாரும் ஒப்புக்கொள்வார். அவருடைய அம்மா விளக்கு வெளிச்சத்தில் இதையேதான் செய்திருப்பார். 21-ம் நாள் குஞ்சு வரும். அன்று வீட்டில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். ஓட்டில் விரிசல் விட்டு நிற்கும் முட்டையை உடைத்து உதவி செய்யத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அது அதற்குரிய நேரத்தில் வரும்.

வந்த குஞ்சில் பாதி சேவலாக இருக்கும். எது எது என்று இரண்டு மாதம்வரை தெரியாது. தெரிந்தபின் அண்டை வீட்டு விவகாரம் தொடங்கும்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க சேவல் விடியக்காலைலதான் கூவணும்னு ஒண்ணும் இல்லையா?"

இல்லை. 2013-ல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் அது கூவுவதில்லை, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அது அடித்துவிடும். எனவே கூண்டுக்குத் தார்ப்பாய் போர்த்துவதெல்லாம் உங்கள் திருப்திக்குத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சேவல் இருந்தால் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை பதவி வரிசைப்படி தொடரும் என்றும் அதே ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். அண்டை வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லும்போது ஆறு முட்டையும் கையில் எடுத்துப் போங்கள். ஃபிரான்ஸில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல்மேல் வழக்கே நடந்து, 2019-ல் சேவல் பக்கம் தீர்ப்பானது. 2021-ல் கிராமத்துச் சத்தமும் வாசனையும் பாரம்பரியம் என்று அங்கே சட்டமும் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் அதுவரை போக வேண்டாம், முட்டையே போதும்.

பெயர் வைப்பது

வைக்காதீர்கள் என்று சொல்லலாம், யார் கேட்பார்கள். குழந்தைகள் முதல் நாளே வைத்துவிடும். ஒரே நிபந்தனை: உறவுக்காரர் பெயர் வேண்டாம். பெரியத்தை வந்திருக்கும்போது பின்கட்டிலிருந்து "கமலா மறுபடி பீரோல ஏறிட்டா" என்று குரல் வருவது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல.

பெயர் வைத்த கோழி குழம்பாகாது. இது இயற்கை விதி. அதனால் ஞாயிற்றுக்கிழமை கடையில் பிராய்லர் வாங்கி வந்து சமைத்து, சொந்தக் கோழி மேசைக்கடியில் சிந்திய சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்க, எல்லோரும் தலை குனிந்து சாப்பிடும் ஒரு காட்சி தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கிறது. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சேவலின் நிலைமை இன்னும் சிக்கல். அதைக் குலசாமிக்கு நேர்ந்துவிடுவதாகப் பாட்டி எப்போதோ வேண்டியிருப்பார். அன்றிலிருந்து அதை விற்க முடியாது, கொடுக்க முடியாது, அடிக்கக்கூட முடியாது. சாமி சொத்து. சேவலும் அது தெரிந்ததுபோல்தான் நடக்கும். திருவிழா நெருங்க நெருங்கப் பேரன் சாப்பிடாமல் படுப்பான். கடைசியில் கோயிலில் வேறு ஒரு சேவலை விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று பூசாரியும் சொல்லிவிடுவார். பூசாரி வீட்டிலும் கோழி இருக்கிறது.

விளையாட்டில்லாத பகுதி ஒன்று உண்டு. வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும், மருந்து கிடையாது. ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். இமயமலையில் இருக்கும் அழகான ஊர், 1920-களில் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்ட பாவத்துக்குப் பெயரைச் சுமக்கிறது. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. தடுப்பு மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்கான புட்டியாகத்தான் வரும், ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலக்கினால் உடனே போட்டுவிட வேண்டும். ஆகவே தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லோரையும் ஒரே நாளில் திரட்டுங்கள், அல்லது பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமுக்குத் துணிப்பையில் கோழியோடு போய் வரிசையில் நில்லுங்கள். பெயர் கேட்பார்கள். உங்கள் பெயரைத்தான்.

இவ்வளவுக்கும் பதிலாக என்ன கிடைக்கிறது? தேளும் பூரானும் வீட்டுக்குள் வருவது நின்றுவிடும், கோழி விடாது. மண்ணைத் தோண்டிப் படுத்துப் புழுதியில் குளிப்பதைச் செல்போனை மறந்து அரை மணி நேரம் பார்ப்பீர்கள். கொஞ்சம் சாம்பல் கலந்துவிட்டால் பேனும் குறையும். கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். பிள்ளைகள் வளர்ந்தபின் உங்களைப் பார்க்க அப்படி ஓடிவர வேறு யார் இருக்கிறார்கள்? பொழுது சாய்ந்தால் கூப்பிடாமலே வரிசையாகக் கூண்டுக்குள் போய் ஏறிக்கொள்ளும். நீங்கள் கதவை மட்டும் சாத்த வேண்டும், ஆனால் தினமும் சாத்த வேண்டும்.

இதில்தான் கோழி வளர்ப்பின் மிகப் பெரிய சௌகரியம் ஒளிந்திருக்கிறது. பிடிக்காத சொந்தத்தில் கல்யாணமா, இரண்டு நாள் தங்கச் சொல்கிறார்களா? "கோழிய யாரு அடைக்கிறது?" மண்டபத்தில் நாலு மணிக்குமேல் சம்பந்தி சண்டை ஆரம்பிக்கும்போல் இருக்கிறதா? "கோழி அடையற நேரமாச்சு, வர்றோம்." நாய் வளர்ப்பவரிடம் நாயையும் அழைத்து வா என்பார்கள். கோழியைக் கூட்டி வரச் சொல்ல யாருக்கும் வாய் வராது. சந்தேகமாகப் பார்ப்பவர் கையில் மொய்க் கவரோடு நாலு நாட்டுக்கோழி முட்டையையும் கொடுத்துவிட்டு, நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடையைக் கட்டுங்கள்.